கதை தெரியும், கட்டுரை எங்கே?

(பேச்சாகப் பதிவான எபிசோட். வாசிப்பதற்காகக் கொஞ்சம் சுருக்கியும் திருத்தியும் கொடுத்திருக்கிறோம்.)

வழக்கமா நாம ஒரு புத்தகத்தை எடுத்து வச்சுப் பேசுவோம். இன்னைக்கு அந்தப் புத்தகத்தைப் பத்தி எழுதுறது எப்படின்னு பேசப் போறோம். காலேஜ்ல இலக்கியம் படிக்கிறவங்களுக்கு அசைன்மென்ட் வரும் இல்லையா, "இச்சிறுகதையை ஆராய்ந்து கட்டுரை வரைக"ன்னு, அதைத்தான் சொல்றேன். இலக்கியம் படிக்காதவங்களும் இருங்க. நடுவுல ஒரு சண்டை வருது, அது உங்களுக்கும் பிடிக்கும்.

போன மாசம் ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு என் அக்கா பொண்ணு கோயம்புத்தூர்ல இருந்து போன் பண்ணா. அவ பி.ஏ. தமிழ், ரெண்டாம் வருஷம். பேர் வேண்டாம், கேட்டா சண்டைக்கு வருவா. இன்ஜினியரிங் சீட் கிடைச்சும் வேண்டாம்னு சொல்லி, அவங்க அப்பாகூட ஆறு மாசம் பேச்சுவார்த்தை இல்லாம இருந்து தமிழ் எடுத்தவ. எடுத்த உடனே அழுகை. "சித்தி, இருபதுக்கு ஏழு போட்டிருக்காங்க. எனக்கு அந்தக் கதை மனப்பாடமாத் தெரியும் சித்தி. ஏழு!"

கட்டுரையை வாட்ஸ்அப்ல அனுப்பச் சொன்னேன். கதை புதுமைப்பித்தனோட 'பொன்னகரம்'. கட்டுரை அஞ்சு பக்கம். கையெழுத்து முத்து முத்தா இருக்கு, பிழை கிடையாது. கடைசிப் பக்கத்துல அவங்க டீச்சர் சிவப்பு மையில ஒரே ஒரு வரி எழுதியிருந்தாங்க. கதை தெரிந்திருக்கிறது, கட்டுரை எங்கேன்னு.

எனக்குச் சிரிப்பு வந்துச்சு, உடனே குற்ற உணர்ச்சியும் வந்துச்சு. ஏன்னா நான் எம்.ஏ. முதல் வருஷம் எழுதுன முதல் கட்டுரைக்கும் கிட்டத்தட்ட இதே வரிதான் வந்துச்சு. அன்னைக்கு எனக்கு அது புரியல. புரிய ரெண்டு செமஸ்டர் ஆச்சு. அவளுக்கு ரெண்டு வாரத்துல புரிய வைக்கணும்னு நினைச்சேன். ஏன்னா அவ அடுத்ததாச் சொன்ன வார்த்தை இது: "அப்பா சொன்னதுதான் சரியோன்னு இருக்கு சித்தி."

சரி, கதை தெரியாதவங்களுக்குச் சுருக்கமாச் சொல்லிடறேன். 'பொன்னகரம்' 1934-ல மணிக்கொடியில வந்த கதை. ரொம்பச் சின்னது, ஒரு டீ குடிக்கிற நேரத்துல படிச்சிடலாம். புராணத்துல வர்ற பொன் நகரத்தை ஞாபகப்படுத்தி ஆரம்பிச்சு, அப்படியே நம்ம ஊர்ச் சந்து ஒண்ணுக்குள்ள கூட்டிட்டுப் போவார் கதை சொல்றவர். அங்க அம்மாளுன்னு ஒரு பொண்ணு, மில் தொழிலாளி. புருஷன் முருகேசன் குதிரை வண்டிக்காரன். குடிச்சிட்டு வண்டியை விரட்டுனதுல வண்டி உடைஞ்சு, குதிரைக்குக் காயம், அவனுக்கு ஊமையடி. படுத்துட்டான். அவனுக்குப் பால் கஞ்சி வேணும், வீட்ல காசு இல்ல. ராத்திரி குழாயில தண்ணி பிடிக்கப் போறா அம்மாளு. சந்துல ஒருத்தன் நிக்கிறான், ரொம்ப நாளா அவ மேல கண்ணு வச்சிருக்கிறவன். ரெண்டு பேரும் இருட்டுல மறையறாங்க. அவளுக்கு முக்கால் ரூபா கிடைக்குது. கடைசியில கதை சொல்றவர் நம்ம பக்கம் திரும்பி, கற்பைப் பத்தி வாய் கிழியப் பேசறவங்களைக் குத்துற மாதிரி ஒண்ணு கேட்டுட்டுப் போயிடுவார்.

இப்ப அவ கட்டுரை. நான் ஒவ்வொரு பாராவோட முதல் வரியை மட்டும் எடுத்து வரிசையா வச்சு அவளுக்கே படிச்சுக் காட்டுனேன். முதல் பாரா, புதுமைப்பித்தனின் இயற்பெயர் விருத்தாசலம், 1906-ல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். ரெண்டாவது, அம்மாளு ஒரு மில் தொழிலாளி. மூணாவது, ஒருநாள் முருகேசனுக்கு அடிபடுகிறது. நாலாவது, அம்மாளு தண்ணீர் எடுக்கச் செல்கிறாள். கடைசி, இவ்வாறு புதுமைப்பித்தன் சமுதாய அவலத்தைத் தோலுரித்துக் காட்டுகிறார்.

நீங்களே சொல்லுங்க, இது என்ன? கதையையே திரும்ப அவ வார்த்தையில சொல்லியிருக்கா. முன்னாடி ஒரு பிறந்த தேதி, பின்னாடி ஒரு தோலுரிப்பு. (சிரிப்பு.) நம்ம கல்லூரிக் கட்டுரைகள்ல ஒரு வருஷத்துக்கு எத்தனை சமுதாயம் தோலுரிபடுதுன்னு யாராவது கணக்கு எடுக்கணும். தோலுரிக்கலைன்னா சவுக்கடி கொடுப்பாங்க.

அவ மேல தப்பு இல்ல, உண்மையாவே. நமக்குப் பள்ளிக்கூடத்துல என்ன சொல்லித் தர்றாங்க? முன்னுரை, பொருளுரை, முடிவுரை. குறிப்புச் சட்டகம்னு ஒண்ணு போட்டு, நடுவுல நாலு உட்தலைப்பு, ஓரத்துல கோடு. 'நான் விரும்பும் தலைவர்', 'மரம் வளர்ப்போம்' எழுதுறதுக்கு அது போதும். மரம் வளர்க்கக் கூடாதுன்னு யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க பாருங்க. ஆனா இலக்கிய ஆய்வுக் கட்டுரைன்னா, எதிர்ல ஒருத்தர் இருக்கார், அவர் ஒத்துக்க மாட்டார்னு நினைச்சுக்கிட்டே எழுதுறது. சட்டகம் அப்புறம் தானா வரும். முதல்ல சண்டை வேணும்.

அதனால அன்னைக்கு ராத்திரி அவகிட்ட கட்டுரையை மூடி வைன்னு சொன்னேன். "இந்தக் கதையில உனக்கு எங்கயாவது எரிச்சல் வந்துச்சா?"

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னா: "வந்துச்சு சித்தி. ஆனா அதை எழுதக் கூடாதுல்ல?"

"எதை?"

"அந்தாளு எல்லாத்தையும் காட்டுறாரு. தெரு, குழாய், குழந்தைங்க, முருகேசன், குதிரை, எல்லாம். சந்துக்குள்ள போன உடனே வாயை மூடிக்கிறாரு. காசு எவ்ளோன்னு மட்டும் சொல்றாரு. அம்மாளு என்ன நினைச்சான்னு சொல்லவே இல்ல. உடனே திரும்பி நம்மளத் திட்ட ஆரம்பிச்சிடறாரு. அவளைப் பத்தி யாருக்கும் கவலை இல்லையான்னு இருந்துச்சு."

மக்களே, பதினோரு அம்பதுக்கு எனக்குத் தூக்கமே போயிடுச்சு. அஞ்சு பக்கத்துல எங்கயுமே இது இல்ல! இருபதுக்கு இருபது போடக்கூடிய ஒரு கேள்வியைக் கையில வச்சுக்கிட்டு, விருத்தாசலம் எந்த ஊர்ல பிறந்தார்னு எழுதியிருக்கா. ஏன்? ஏன்னா அது 'பெரியவங்க' எழுதுன கதை, அதுல தனக்கு வந்த எரிச்சல் தன்னோட குறைன்னு நினைச்சுட்டா. அப்பா சண்டை, சீட் வேண்டாம்னு சொன்னது, எல்லாத்துக்கும் தைரியம் இருந்துச்சு. ஒரு கதை மேல சந்தேகம் கேக்க மட்டும் தைரியம் இல்ல.

இங்க ஒரு விஷயம் சொல்லிடறேன், எனக்குப் பிடிச்ச விஷயம். இந்த மாதிரி கேள்வி கேட்டுப் படிக்கிறது ஏதோ வெளிநாட்டு யுனிவர்சிட்டி பழக்கம்னு நினைக்காதீங்க. 13-ஆம் நூற்றாண்டுல பவணந்தி முனிவர் எழுதின நன்னூல் இருக்கு இல்லையா, அதோட பாயிரத்துல ஒரு உரைக்கு என்னென்ன வேணும்னு 14 கூறுகள் சொல்லியிருக்கு. சொற்பொருள், உதாரணம் எல்லாம் இருக்கு. அதுகூடவே வினா இருக்கு, விடை இருக்கு, துணிவுன்னு ஒண்ணு இருக்கு, பயன்னு ஒண்ணு இருக்கு. துணிவுன்னா இங்க வீரம் இல்ல. சந்தேகம் வர்ற இடத்துல இதுதான் பொருள்னு ஒரு முடிவுக்கு வர்றது. பரிமேலழகரை எடுத்துப் பாருங்க, திருக்குறளுக்கு மத்தவங்க சொன்ன பொருளை எடுத்து வச்சு, அது ஏன் பொருந்தாதுன்னு சொல்லி, அப்புறம் தன்னோடதை நிறுத்துவார். அந்த நாலையும் எடுத்துக்கோங்க: வினா, விடை, துணிவு, பயன். ஒரு கல்லூரிக் கட்டுரைக்கு அது போதும்னு நான் நினைக்கிறேன். தமிழ் டிபார்ட்மென்ட்ல நன்னூலை மனப்பாடம் பண்ண வச்சுட்டு, கட்டுரை எழுதும்போது அதை மறந்துடச் சொல்றது எனக்கு இன்னும் புரியாத விஷயம்.

அடுத்த வேலை, அவ எரிச்சலை ஒரு வாக்கியமா மாத்துறது. இதுக்கு 'தீசிஸ்'னு சொல்வாங்க, நான் வாதம்னு சொல்றேன். இது கஷ்டம், இதுக்கு மட்டும் மூணு நாள் ஆச்சு. முதல்ல அவ அனுப்பினது: "பொன்னகரம் கதை வறுமையின் கொடுமையைச் சொல்கிறது." நான் திருப்பிக் கேட்டேன், இல்லைன்னு யாராவது சொல்வாங்களா? சொல்ல மாட்டாங்க. அப்ப இது வாதம் இல்ல, தகவல். ரெண்டாவது: "புதுமைப்பித்தன் பெண்களை மதிக்கவில்லை." இதுக்கு எதிர்ப்பு கண்டிப்பா வரும். ஆனா இதைக் கதையில எந்த வரியை வச்சு நிரூபிப்ப? அதோட, கதை சொல்ற குரல் வேற, எழுதுன மனுஷன் வேற. அந்தக் குரலையே புதுமைப்பித்தன் ஒரு வேஷமாப் போட்டிருக்கலாம். அதனால 'கதைசொல்லி'ன்னு எழுதப் பழகு, ஆசிரியரை விட்டுடுன்னு சொன்னேன். இந்த ஒரு மாத்தமே கட்டுரையைப் பாதி காப்பாத்தும். நிறைய பேர் கதைசொல்லி சொல்றதை எல்லாம் ஆசிரியரோட கருத்துன்னு எடுத்துக்கிட்டு அப்புறம் மாட்டிக்குவாங்க.

மூணாவது நாள் காலையில பஸ்ல இருந்து ஒரு வாய்ஸ் நோட் அனுப்புனா, பின்னாடி கண்டக்டர் விசில் கேக்குது. எழுத்துல சொன்னா இப்படி: "கதைசொல்லி தெரு முழுவதையும் நமக்குச் சுற்றிக் காட்டிவிட்டு, சந்தின் இருட்டில் மட்டும் பேச்சை நிறுத்துகிறார். அந்த மௌனம் வாசகரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. ஆனால் அதற்கு விலையாக, அம்மாளுவின் மனம் நமக்குக் கிடைக்காமல் போகிறது."

நான் பால்கனியில நின்னு கைதட்டுனேன். பக்கத்து வீட்டு மாமி என்னம்மான்னு கேட்டாங்க.

இந்த வாக்கியத்துல என்ன நல்லா இருக்குன்னு பாருங்க. உள்ள ஒரு 'ஆனால்' இருக்கு. அந்த 'ஆனால்' இருக்கிறதாலதான் கட்டுரைக்கு அடுக்கு வருது. முதல்ல சுற்றிக் காட்டுறதைக் காட்டணும். அப்புறம் பேச்சை நிறுத்துறதைக் காட்டணும். அப்புறம் கூண்டு. அப்புறம் விலை. பாராக்களோட வரிசையை வாக்கியமே சொல்லிடுச்சு, கதையோட வரிசையில போக வேண்டிய அவசியமே இல்ல. உண்மையைச் சொன்னா, நான் அவளைக் கடைசியில இருந்தே ஆரம்பிக்கச் சொன்னேன். கதைசொல்லி நம்மைப் பார்த்துத் திரும்புற அந்த இடத்தை முதல் பாராவுல வை, "இவர் ஏன் இவ்வளவு கோபமா நம்மகிட்ட பேசறார், அதுக்கு முன்னாடி எங்க பேசாம இருந்தார்"னு கேளு. ரெண்டே வரி. பிறந்த ஊர் வேண்டாம். திருத்துறவங்களுக்குத் திருப்பாதிரிப்புலியூர் தெரியும்.

இனி ஒரு பாராவுக்குள்ள என்ன நடக்கணும். இதைத்தான் யாரும் சொல்லித் தர்றதில்ல, அதனால கொஞ்சம் நிதானமாப் பேசறேன்.

அவளோட ரெண்டாவது வரைவுல ஒரு பாரா இப்படி இருந்துச்சு: கதைசொல்லி முக்கால் ரூபாய் என்கிறார், பிறகு கதையில இருந்து மேற்கோள், பிறகு அடுத்த பாரா. மேற்கோளைப் போட்டுட்டா வேலை முடிஞ்சதுன்னு நினைப்பு. மேற்கோள் தானாப் பேசாது. கோர்ட்ல ஒரு கத்தியைக் கொண்டு வந்து மேஜை மேல வச்சுட்டு வக்கீல் போய் உட்கார்ந்துட்டா எப்படி? அந்தக் கத்தி யாருடையது, ரத்தம் எந்தப் பக்கம், அதை அவர்தானே சொல்லணும். நான் அவளுக்குச் சொன்ன கணக்கு, கதையில இருந்து ஒரு வரி எடுத்தா, நீ மூணு வரி பேசணும். பேச மூணு வரி இல்லைன்னா அந்த மேற்கோளே தேவையில்ல.

சரி, முக்கால் ரூபாயைப் பத்தி மூணு வரி என்ன பேசுவன்னு கேட்டேன். முழிச்சா. அதுக்குள்ள நான் ஒரு வேலையா கோயம்புத்தூர் போக வேண்டி வந்துச்சு. சனிக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில நான், அவ, எங்க அம்மா. எங்க அம்மா ஸ்பின்னிங் மில்லுல இருபத்திரெண்டு வருஷம் வேலை பார்த்தவங்க. ஷிப்ட் முடிஞ்சு வரும்போது தலையில பஞ்சு ஒட்டியிருக்கும், அதுதான் என் சின்ன வயசு ஞாபகம். இவ கதையைப் பாட்டிக்குச் சொன்னா. எங்க ஊர்ல அம்மாவோட அம்மாவை அம்மாயின்னு கூப்பிடுவோம்.

"அம்மாயி, முக்கா ரூபாதான் குடுத்தான் அவன்."

எங்க அம்மா உடனே, "பன்னெண்டணாவா?"ன்னு கேட்டாங்க. கொஞ்சம் யோசிச்சு, "ஏங்கண்ணு, அப்ப அவ கேட்ட காசா அது, அவன் குடுத்த காசா?"

ரெண்டு பேரும் பேச்சை நிறுத்திட்டோம். கதை அதைச் சொல்றதில்ல! பேரம் நடந்துச்சா, அவ கேட்டாளா, அவன் கையில இருந்ததைக் கொடுத்தானா, எதுவும் கிடையாது. தொகை மட்டும் இருக்கு, சுத்தமா, கணக்குப் புத்தகத்துல எழுதுன மாதிரி. அதோட, கதைசொல்லி அந்தக் காசை அவ 'சம்பாதிச்ச'தாத்தான் சொல்றார். மில்லுல வாங்குற கூலிக்கும் இதுக்கும் ஒரே வார்த்தை. கூலி வர இன்னும் நாள் இருக்கு, இது இன்னைக்கே வருது. அந்த வினைச்சொல் மேலேயே ஒரு பாரா எழுதலாம். அவ எழுதுனா. அந்தக் கட்டுரையிலேயே நல்ல பாரா அதுதான்.

இதுல ஒரு சின்ன விவாதம் எங்களுக்குள்ள. அவளுக்கு, முடிவுரையில அம்மாயியைப் பத்தி எழுதணும். மில், பஞ்சு, எல்லாம். நான் வேண்டாம்னு சொன்னேன். அவ கோவிச்சுக்கிட்டா. "உண்மையை எழுதக் கூடாதா?" எழுதலாம், ஆனா இந்தக் கட்டுரையில இல்ல. அம்மாயி கேட்ட கேள்வியை எடுத்துக்கோ, அதைக் கதையில சோதிச்சுப் பாரு. அம்மாயியைச் சாட்சிக் கூண்டுல ஏத்தாத. கதையைப் பத்தின ஒரு வாதத்துக்குச் சாட்சி கதைக்குள்ளதான் இருக்கணும். இது சரியான்னு எனக்கே முழு நிச்சயம் கிடையாது. வேற டீச்சரா இருந்தா அதைச் சேர்க்கச் சொல்லியிருக்கலாம். சரி, அப்புறம் அந்த எதிர்வாதம்.

எதிர்வாதம் இல்லாத கட்டுரையை நான் பாதிக் கட்டுரைன்னுதான் சொல்வேன். அவளோட வாதத்துக்கு எதிர்ல யார் நிப்பாங்க? நான்தான் நின்னேன். "கதைசொல்லி சந்துல வாயை மூடுறது அலட்சியம்னு ஏன் நினைக்கிற? அது மரியாதையா இருக்கலாம். மத்த எழுத்தாளர்னா அந்த இருட்டுக்குள்ள நம்மைக் கூட்டிட்டுப் போய் வேடிக்கை காட்டியிருப்பாங்க. இவர் கதவைச் சாத்திட்டார். அவ மனசுக்குள்ள நுழையற உரிமை தனக்குக் கிடையாதுன்னு நினைச்சிருக்கலாமே?"

அவ ரொம்ப நேரம் யோசிச்சா. அப்புறம் சொன்ன பதில் எனக்கு உண்மையாவே பிடிச்சுது. "கதவைச் சாத்துனது மரியாதைதான் சித்தி. ஆனா சாத்துன உடனே அந்தக் கதவு மேலயே நின்னு நம்மகிட்ட பிரசங்கம் பண்றாரு பாருங்க. மரியாதைன்னா கொஞ்ச நேரம் சும்மா இருந்திருக்கணும்."

நான் இதுல அவளோட முழுசா ஒத்துப் போகல. அந்தக் கடைசிக் கோபம் இல்லைன்னா கதையே சாஞ்சுடும்னு இப்பவும் நினைக்கிறேன். ஆனா அது முக்கியம் இல்ல. எதிர்ல இருக்கிறவரோட பலமான வாதத்தை எடுத்து, அதுல பாதியை ஒத்துக்கிட்டு, மீதியைத் திருப்பிக் கொடுத்தா. எதிர்வாதப் பாரான்னா அதுதான். "சிலர் இவ்வாறு கூறுவர், அது தவறு"ன்னு ரெண்டு வரியில ஒரு பொம்மையை நிறுத்தி அடிக்கிறது இல்ல. அதை எங்க வைக்கிறதுன்னு நிறைய பேர் கேப்பீங்க. என் பழக்கம், கடைசிக்கு முந்தின பாரா. உங்க ஆதாரம் எல்லாம் மேஜைக்கு வந்த பிறகு. ஆனா எதிர்வாதம் ரொம்பப் பிரபலமானதா இருந்தா முதல்லயே வச்சுடுங்க, இல்லைன்னா படிக்கிறவர் அதையே நினைச்சுக்கிட்டுப் படிப்பார்.

முடிவுரை. பள்ளிக்கூடத்துல சொன்னதையே திரும்பச் சொல்லப் பழக்கியிருக்காங்க. அஞ்சு பக்கக் கட்டுரையில முதல் பக்கத்துல சொன்னது ஆசிரியருக்கு மறந்திருக்காது, நம்புங்க. நன்னூல் சொல்ற பயன் இங்கதான் வேணும். இந்த வாதம் சரின்னா, அதனால வேற என்ன மாறுது? அவ எழுதுனது என்னன்னா, தலைப்பையே இப்ப வேற மாதிரி படிக்கலாம்னு. பொன்னகரம்ங்கிறது வறுமையான சந்துக்கு வச்ச கேலிப் பேர்னு எல்லாரும் சொல்றோம். ஆனா அந்த நகரத்தை நமக்குச் சுற்றிக் காட்டி, இந்தப் பக்கம் பாருங்க அந்தப் பக்கம் பாருங்கன்னு சொல்ற குரலும் அந்தக் கேலிக்குள்ள வருதா? சுற்றிப் பார்க்க வந்த நாமளும்? கேள்வியா விட்டுட்டா. நான் அதை ஒரு வார்த்தைகூட மாத்தல.

சின்னச் சின்ன விஷயம் சிலது வேகமாச் சொல்லிடறேன். எந்தப் பதிப்புல இருந்து எடுத்தீங்களோ அதோட பக்க எண் போடுங்க, வாட்ஸ்அப்ல வந்த பிடிஎஃப்பை நம்பாதீங்க, அதுல வரி விட்டுப் போயிருக்கும். கதை நடக்கிறதைச் சொல்லும்போது ஒரே காலத்துல சொல்லுங்க, போகிறாள், சென்றாள், போவாள்னு தாவாதீங்க. ஏஐ-கிட்ட கேட்டு எழுதலாமான்னு அவளும் கேட்டா, நீங்களும் கேப்பீங்க. கேட்டுப் பார்த்தோம். சமுதாய அவலத்தைத் தோலுரிச்சுக் கொடுத்துச்சு.

(சிரிப்பு.) இல்ல, உண்மையாவே. அவளோட முதல் கட்டுரைக்கும் அதுக்கும் வித்தியாசமே தெரியல. அவளுக்கே அது கொஞ்சம் உறைச்சுது.

எழுதி முடிச்ச பிறகு செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கு. ஆரம்பத்துல சொன்ன அந்த முதல் வரிச் சோதனைதான். பென்சிலை எடுத்து, ஒவ்வொரு பாராவுக்கும் பக்கத்துல ஓரத்துல ஒரே ஒரு வரி எழுதுங்க, இந்தப் பாரா என்ன சொல்லுதுன்னு. எல்லா வரியையும் சேர்த்துப் படிச்சா கதைச் சுருக்கமா இருந்துச்சுன்னா, கட்டுரை இன்னும் எழுதப்படலைன்னு அர்த்தம். ஒரு பாராவுக்கு ஓரத்துல ரெண்டு வரி தேவைப்பட்டா அது ரெண்டு பாரா. ஒரு பாராவை எடுத்து வேற இடத்துல வச்சாலும் ஒண்ணும் கெட்டுப் போகலைன்னா, அது எங்கயுமே தேவையில்லாத பாரா. அவளோட ரெண்டாவது வரைவுல அப்படி ஒண்ணு இருந்துச்சு, மணிக்கொடி காலத்தைப் பத்தி அழகா ஒரு பாரா. எடுக்கும்போது அவ முகம் பார்க்கணுமே. நாலு மணி நேரம் லைப்ரரியில உட்கார்ந்து சேர்த்தது. எடுத்துட்டோம்.

டீச்சர் திரும்பக் கொடுக்க ஒத்துக்கிட்டாங்க, அதுவே பெரிய மனசு. போன வாரம் ரிசல்ட். காலையில ஆறு மணிக்கு போட்டோ வந்துச்சு. இருபதுக்குப் பதினாலு. பதினாலுதான். எதிர்வாதப் பாராவுக்குப் பக்கத்துல ஓரத்துல டீச்சர் எழுதியிருக்காங்க, நான் ஒத்துக்கலை, ஆனா வகுப்புல இதைப் பேசுன்னு. அவளுக்குப் பதினாலைவிட அதுதான் சந்தோஷம். அப்பாகிட்ட காட்டுனியான்னு கேட்டேன். இன்னும் இல்லையாம். அந்த ஓரத்துல எழுதுனதை அவருக்கு எப்படி விளக்குறதுன்னு யோசிச்சிட்டிருக்கா.

ஆனா போனை வைக்கிறதுக்கு முன்னாடி அவ சொன்ன விஷயம் வேற. அம்மாயி மறுபடி கேட்டாங்களாம், "எல்லாஞ் சரி கண்ணு, அந்தக் குதிரைக்கு என்னாச்சு?"

"சித்தி, அடிபட்ட குதிரை அப்புறம் கதையில எங்கயாவது வருதா? நான் திரும்பப் படிக்கணும்."

நானும் இன்னைக்கு ராத்திரி படிக்கணும். அடுத்த வாரம் பார்க்கலாம் மக்களே.